வேறு பெயரில், வேறு அலமாரியில்: கல்லூரி நூலகத்தில் நம் வரலாறு

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதர் மறைந்தது 1914 மே 5. அவருடைய நினைவு நாளில் பேச அழைத்த அமைப்பினருக்கு என் நன்றி. பண்டிதரின் பௌத்தம், மொழி ஆராய்ச்சி, சாதி மறுப்பு பற்றியெல்லாம் இந்த மேடையில் பலரும் பேசியிருக்கிறார்கள். நான் அவற்றைவிடச் சிறிய விஷயம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். பண்டிதர் எழுதியதையும் அவர் காலத்தவர் எழுதியதையும் ஒரு மாணவர் தன் கல்லூரி நூலகத்தில் எப்படித் தேடிக் கண்டுபிடிப்பது? இது நூலக இயல் வகுப்புக்கு உரிய கேள்வி என்று நினைக்க வேண்டாம். நம் வரலாறு எங்கே போனது என்ற கேள்வியும் இதற்குள்தான் இருக்கிறது.

கேள்வியை எனக்குத் தந்தவர் ஒரு மாணவி. முதுகலை வரலாறு படிக்கிறார். ஆய்வேட்டுக்காக நூலகக் கணினியில் ‘தலித்’ என்று தட்டியிருக்கிறார். நாற்பது தலைப்புகள் வந்தன. சிறுகதை, கவிதை, தன்வரலாறு, கட்டுரைத் தொகுப்பு. ஒன்றுகூட 1990க்கு முந்தியதில்லை. என்னிடம் வந்து, “சார், தொண்ணூறுக்கு முன்னாடி நம்ம ஆளுங்க எதுவுமே எழுதலையா?” என்று கேட்டார். கேள்வியில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. மறுநாள் மதியம் இருவரும் அதே கணினி முன்னால் உட்கார்ந்தோம். அன்று பார்த்ததைத்தான் இன்று விரித்துச் சொல்லப்போகிறேன்.

1. எந்தச் சொல்லால் தேடுவது?

முதல் தவறு கணினியுடையது அல்ல. நாம் கொடுத்த சொல் 1990களில் தமிழில் பரவலான சொல். மராத்தியில் 1970களில் இலக்கிய இயக்கமாக எழுந்து, அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டித் தமிழ்நாட்டில் வேர்பிடித்தது. அந்தச் சொல்லைக் கொடுத்தால் அந்தக் காலத்துக்குப் பிந்திய புத்தகங்கள்தான் வரும். 1907இல் எழுதிய ஒருவர் தன் புத்தகத்துக்கு எப்படி அந்தத் தலைப்பை வைத்திருக்க முடியும்?

நம்மை மற்றவர்கள் அழைத்த பெயர்களும், நாம் நமக்கு வைத்துக்கொண்ட பெயர்களும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் ‘பறையர்’ என்றும் ‘பஞ்சமர்’ என்றும் இருக்கும். பண்டிதர் ‘பூர்வ பௌத்தர்’ என்றார். ‘சாதிபேதமற்ற திராவிடர்’ என்றார். எம்.சி. ராஜா சென்னை சட்டமன்றத்தில் வலியுறுத்தியதன் பேரில் 1922இல் அரசு ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயரை ஏற்றது. ஆங்கில நூல்களில் அதே காலத்தில் ‘டிப்ரஸ்டு கிளாசஸ்’. 1930களின் தொடக்கத்திலிருந்து காங்கிரஸ் எழுத்துகளில் ‘அரிசன்’. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்துக்குப் பிறகு அரசுத் தாள்களில் ‘ஷெட்யூல்டு காஸ்ட்ஸ்’, தமிழில் பட்டியல் சாதியினர்.

இவற்றில் சில சொற்கள் நமக்கு வலிப்பவை. மேடையில் நாம் அவற்றைச் சொல்லமாட்டோம். ஆனால் நூலகப் பெட்டியில் அவை சாவிகள். ஒவ்வொரு சாவியும் ஒவ்வொரு காலத்தைத் திறக்கும். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தன் இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். இழிவாகச் சொல்லப்பட்ட சொல்லை எடுத்துத் தலைப்பாகப் போட்டு, அதன் பெயரால் உரிமை கேட்டார். அந்தச் சொல்லைத் தட்டக் கூசினால் அவரை நாம் பார்க்கவே முடியாது.

ஆட்களின் பெயரிலும் இதே சிக்கல்தான். அயோத்திதாசர், அயோத்திதாஸ், அயோத்தி தாசப் பண்டிதர் என்று தமிழிலேயே பல வடிவங்கள். ஆங்கில எழுத்தில் சிலர் ‘ஐ’ எழுத்தில் தொடங்குவார்கள், சிலர் ‘ஏ’ எழுத்தில். கடைசியில் ஒரு எஸ் போடுபவரும் உண்டு, இரண்டு போடுபவரும் உண்டு. ஒரு வடிவத்தில் கிடைக்கவில்லை என்பதற்காக எழுந்து போய்விடக் கூடாது. பெண்களைத் தேடும்போது இன்னும் கவனம் வேண்டும். மீனாம்பாள் சிவராஜ் போன்றவர்கள் பழைய தாள்களில் பல இடங்களில் ‘திருமதி சிவராஜ்’ என்று கணவர் பெயரின் பின்னால் நிற்பார்கள்.

2. எந்த அலமாரியில் தேடுவது?

நம் கல்லூரிகள் பலவற்றில் டூயி தசம வகைப்பாட்டின்படி புத்தகங்களை அடுக்குகிறார்கள். மெல்வில் டூயி 1876இல் அமெரிக்காவில் உருவாக்கிய முறை அது. புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண் அதிலிருந்து வருவது. அந்த முறையில் சாதியால் ஒதுக்கப்பட்டோர் பற்றிய சமூகவியல் நூல்கள் 305.568 என்ற எண்ணை ஒட்டி வரும். ஒதுக்கி வைக்கப்பட்ட வகுப்பினருக்கான இடம் அது. அலமாரியில்கூட நமக்கு ஒரு சேரி உண்டு என்று ஒரு நண்பர் வேடிக்கையாகச் சொல்வார்.

ஆனால் நம் வரலாறு அந்த ஓர் எண்ணுக்குள் அடங்குவதில்லை. தமிழ்ப் பௌத்தம் பற்றிய நூல் 294.3இல் இருக்கும். தோட்டத் தொழிலாளர், பண்ணையாள் பற்றியவை 331இல். நில உரிமை, பஞ்சமி நிலம் 333இல். இதழியல் 070இல். தமிழ்நாட்டு வரலாறு 954.82இல். பாமாவின் ‘கருக்கு’ போன்றவை தமிழ் இலக்கியத்துக்குரிய 894.811இல். ஒரே மக்களின் கதை ஆறு அலமாரிகளில் சிதறிக் கிடக்கிறது. 305ஐ மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவருக்கு நாம் வெறும் சமூகப் பிரச்சினையாகத் தெரிவோம். ஆறு அலமாரியையும் பார்க்கிறவருக்குத்தான் நாம் மதம் கண்டவர்கள், உழைத்தவர்கள், நிலம் கேட்டவர்கள், பத்திரிகை நடத்தியவர்கள் என்று தெரியும்.

அன்று மதியம் நானும் அந்த மாணவியும் தேடியது ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’. ஆசிரியர் பெயரில் தேடியபோது கிடைத்தது. ஆனால் அது வரலாற்றிலும் இல்லை, மதத்திலும் இல்லை. நாட்டுப்புறவியலுக்குரிய 398இல் இருந்தது. காரணம் எளிது. வெளியிட்டது பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். பதிப்பகத்தின் பெயரைப் பார்த்து யாரோ எண் போட்டிருக்கிறார்கள். எடுத்துப் பார்த்தோம். பின்னட்டைக்குள் ஒட்டியிருந்த தேதித் தாளில் ஒரு முத்திரைகூட விழவில்லை. வாங்கிய நாளிலிருந்து ஒருவரும் இரவல் எடுக்கவில்லை.

3. ஓர் இதழ் நூலகத்துக்கு வந்த வழி

அந்தத் தொகுதி அலமாரிக்கு வந்துசேர்ந்த கதை நீளமானது. 1907 ஜூன் 19, புதன்கிழமை. சென்னை ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ முதல் இதழ் வெளிவருகிறது. நான்கு பக்கம். விலை காலணா. அடுத்த ஆண்டு பெயர் ‘தமிழன்’ என்று ஆனது. பண்டிதர் மறையும் வரை வாராவாரம் வந்தது. ‘இந்திரர் தேச சரித்திர’மும் புத்தரின் வாழ்க்கை கூறும் ‘ஆதிவேத’மும் இதில்தான் தொடராக வந்தன. சென்னையில் மட்டும் படிக்கப்பட்ட இதழ் அல்ல அது. கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கிய தமிழர்கள் படித்தார்கள். கடல் கடந்து கூலிக்குப் போனவர்களிடமும் போய்ச் சேர்ந்தது.

பண்டிதருக்குப் பிறகு அவர் மகன் பட்டாபிராமன் சிறிது காலம் நடத்தினார். பின்னர் 1926இல் கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் இதழுக்கு மீண்டும் உயிர் கொடுத்தார். அங்கேயே சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை மறுபடி அச்சிட்டது. அதன் பிறகு நீண்ட மௌனம். தமிழ் இதழியல் வரலாறு எழுதியவர்களில் பலருக்கு இப்படி ஒரு பத்திரிகை இருந்ததே தெரியாது. தெரிந்தவர்கள் ஒரு வரியில் கடந்துபோனார்கள்.

அந்த மௌனக் காலத்தில் ‘தமிழன்’ எங்கே இருந்தது? நம் வீடுகளில் இருந்தது. பௌத்தச் சங்கங்களைச் சேர்ந்த குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகளிலும் பரண்களிலும் இருந்தது. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் அதைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள், காத்தார்கள். பெரிய நூலகம் எதுவும் செய்யாத வேலையை, மழை ஒழுகும் வீட்டில் இருந்தவர்கள் செய்தார்கள். அப்படிக் காப்பாற்றப்பட்ட தாள்களிலிருந்துதான் 1999இல் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ இரண்டு தொகுதிகளாக வந்தது. 2003இல் மூன்றாம் தொகுதி. பண்டிதர் மறைந்து 85 ஆண்டு கழித்து, ஒரு கல்லூரியின் ஆய்வு மையம் வழியாக, அவர் கல்லூரி நூலகங்களுக்குள் நுழைந்தார்.

நுழைந்த பிறகு என்ன ஆனது என்பதைத்தான் அந்த வெற்றுத் தேதித் தாள் சொல்கிறது. புத்தகத்தைக் காப்பாற்றுவது பாதி வேலை. அதைக் கேட்டு வாங்கிப் படிப்பது மீதிப் பாதி.

4. பெயர் தெரியாதவனுக்குப் புத்தகம் இல்லை

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் படித்த கல்லூரியில் மாணவர்கள் அலமாரிப் பக்கம் போகக் கூடாது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று, புத்தகத்தின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். உள்ளேயிருந்து எடுத்து வருவார்கள். வீட்டில் புத்தகம் இருந்தவனுக்கு, அண்ணனோ அப்பாவோ கல்லூரி படித்தவனுக்கு, எந்தப் பெயரை எழுத வேண்டும் என்று தெரியும். எங்கள் வீட்டில் நான்தான் முதலில் கல்லூரிக்கு வந்தவன். எனக்கு எந்தப் பெயர் தெரியும்? முதல் வருடம் முழுவதும் பாடப் புத்தகத்தின் பெயரையே எழுதிக் கொடுத்தேன்.

இரண்டாம் வருடக் கோடையில் நூலகத்தில் கணக்கெடுப்பு நடந்தது. எங்கள் பகுதியைச் சேர்ந்த அண்ணன் ஒருவர் அங்கே உதவியாளர். “தம்பி, புத்தகம் எண்ணுறதுக்கு ஆள் வேணும், வர்றியா?” என்று கூப்பிட்டார். அப்போதுதான் முதன்முதலாக அலமாரிகளுக்கு நடுவே நடந்தேன். பதிவேட்டில் இருக்கும் எண்ணை அவர் வாசிப்பார், நான் முதுகைப் பார்த்து ‘இருக்கு’ என்பேன். கடைசி வரிசையில், தூசி படிந்து, சென்னை சட்டமன்ற நடவடிக்கைகள் பைண்டு செய்யப்பட்டு வரிசையாக நின்றன. சும்மா புரட்டினேன். நம்மவர் ஒருவர் அமைச்சரைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அன்று நான் வெகுநேரம் ‘இருக்கு’ சொல்லவில்லை.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். 1931இல் நூலக இயலுக்கு ஐந்து விதிகள் வகுத்தார். புத்தகம் பூட்டி வைக்க அல்ல, பயன்படுத்தவே என்பது அவற்றின் அடிப்படை. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய புத்தகம் கிடைக்க வேண்டும் என்றவர், அலமாரிகளை வாசகருக்குத் திறந்துவிடச் சொன்னார். அதே 1924இல்தான் இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம், பொது இடம் எதிலும் எந்த வகுப்பினரையும் தடுக்கக் கூடாது என்பது அது. இரண்டும் வேறு வேறு இடத்தில் எழுந்த கோரிக்கைகள். ஆனால் அலமாரிக்கு வெளியே நிறுத்தப்பட்ட முதல் தலைமுறை மாணவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

உங்கள் நூலகத்தில் அலமாரி திறந்திருந்தால், கணினியில் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு நேராக அங்கே போங்கள். நீங்கள் தேடிய புத்தகத்துக்கு இடமும் வலமும் இருக்கும் பத்துப் புத்தகங்களைப் பாருங்கள். திறந்திருக்கவில்லை என்றால் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உரிமை.

5. எதிராளியின் கோப்பில் நம் குரல்

‘பறையன்’ இதழ்களை முழுமையாகப் பார்க்க இன்று வழியில்லை. சீனிவாசன் 1939இல் வெளியிட்ட ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ நமக்கு ஓரளவு சொல்கிறது. இன்னொரு இடமும் உண்டு. ஆங்கில அரசு இந்திய மொழிப் பத்திரிகைகளைக் கண்காணித்தது. எந்தப் பத்திரிகை என்ன எழுதுகிறது என்பதை மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலத்தில் சுருக்கி, மேலதிகாரிகளுக்கு அறிக்கையாக அனுப்பினார்கள். அந்த அறிக்கைகள் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் நம் பத்திரிகைகளும் வருகின்றன. தாள் அழிந்துவிட்டது, உளவு பார்த்தவனின் சுருக்கம் மிஞ்சியிருக்கிறது.

இப்படித் துண்டு துண்டாகத் தேடிச் சேர்த்து ஜெ. பாலசுப்பிரமணியம் எழுதிய நூல் ‘சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை’. 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களின் வரலாறு அது. அந்த ஆண்டுகளைக் கவனியுங்கள். தொண்ணூறுக்கு முன்னால் நம்மவர்கள் எழுதவில்லையா என்று கேட்டாரே, அவருக்கான பதில் அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது.

அரசு வெளியீடுகள் இருக்கும் மூலைக்கும் போங்கள். பழைய கல்லூரிகளில் மாவட்டக் கையேடுகள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகள், சட்டமன்ற நடவடிக்கைகள் கிடக்கும். செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணையும்தான் பஞ்சமி நில உரிமைக்கு அடிப்படை. இன்று ஓர் ஊரில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடுகிறவருக்கு நூலகத்தின் அந்த மூலை தேவைப்படுகிறது. பயனுள்ள புத்தகம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: தாசில்தார் மேசை முன்னால் நிற்கும்போது கையில் இருந்தால் குரல் உயர உதவுகிற புத்தகம்.

அந்த ஆவணங்களை எழுதியவர்கள் நமக்காக எழுதவில்லை. அதிகாரியின் கண்ணோடு எழுதினார்கள், பாதிரியாரின் கண்ணோடு எழுதினார்கள். தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலை அப்படியே ஒப்புக்கொள்ள முடியுமா? முடியாது. அது ஆளைப் பார்க்காமல் சாதியைப் பார்க்கிற புத்தகம். சொல்வது யார், யாரிடம் கேட்டுச் சொல்கிறார், யாரிடம் கேட்கவில்லை என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே படிக்க வேண்டும்.

6. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு

ஒரு நல்ல புத்தகம் கிடைத்துவிட்டால் அதன் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். வ. கீதா, எஸ்.வி. ராஜதுரை இருவரும் 1993இல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’யில் காலனியகாலத் தமிழ்நாட்டின் தலித், பிராமணரல்லாதார் உணர்வு பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். 1998இல் அவர்களுடைய பெரிய நூல் வந்தது. அயோத்திதாசரிலிருந்து பெரியார் வரை என்பது அதன் துணைத் தலைப்பு. தமிழ்ப் பௌத்த இயக்கம் பற்றிய அலாய்சியஸின் ஆங்கில நூலும் 1998தான். ரூபா விஸ்வநாத்தின் ‘தி பறையா ப்ராப்ளம்’ 2014. இவற்றில் ஒன்றின் அடிக்குறிப்புகளை மட்டும் ஒரு வாரம் பின்தொடர்ந்தால், எந்த ஆவணம் எந்தக் காப்பகத்தில் இருக்கிறது என்ற வரைபடம் உங்கள் நோட்டில் வந்துவிடும்.

ஆய்விதழ்களைப் பற்றி ஒரு வார்த்தை. பல கல்லூரிகளில் அச்சிதழ்களுக்குச் சந்தா நின்றுவிட்டது. ஆனால் இன்ஃபிளிப்நெட்டின் என்-லிஸ்ட் திட்டத்தில் உங்கள் கல்லூரி சேர்ந்திருந்தால், மின்னிதழ்களைப் படிக்க உங்களுக்குக் கணக்கு உண்டு. நூலகரிடம் கேட்டு வாங்குங்கள். ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா இருக்கிறது. பழந்தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். சென்னைக்கு வர முடிந்தால் ரோஜா முத்தையா நூலகம். மதுரைப் பக்கம் என்றால் அரசரடி இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம்.

நம் சிற்றிதழ்கள்தான் இவற்றில் பலவற்றுக்கு வெளியே நிற்கின்றன. 1997இல் தொடங்கிய ‘தலித் முரசு’ முழு வரிசை உங்கள் கல்லூரியில் இருக்கிறதா? நான் பார்த்தவரை அரிது. சிற்றிதழை வாங்கினாலும் வருடக் கடைசியில் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். பைண்டு செய்தாலும் முகப்பையும் விளம்பரப் பக்கத்தையும் கிழித்துவிட்டுப் பைண்டு செய்கிறார்கள். யார் நன்கொடை கொடுத்தார்கள், எந்த ஊரில் கூட்டம் நடந்தது என்பதெல்லாம் அந்தப் பக்கங்களில்தான் இருக்கும். ‘தமிழன்’ இதழுக்கு நேர்ந்தது நம் கண்முன்னே மறுபடி நடக்கிறது.

ஆகவே இங்கிருக்கும் மாணவர்களுக்கு என் வேண்டுகோள். உங்கள் நூலகத்தில் புதிய நூல் பரிந்துரைக்கும் பதிவேடு ஒன்று இருக்கும். அதில் எழுதுங்கள். ஒருவர் எழுதினால் கவனிக்கமாட்டார்கள், இருபது பேர் எழுதுங்கள். எடுத்த புத்தகத்தைத் தேதித் தாளில் முத்திரை விழ எடுங்கள். ஒருவரும் தொடாத புத்தகத்தைத்தான் முதலில் கழிப்பார்கள். செயற்பாட்டாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் இருக்கும் துண்டறிக்கை, மாநாட்டு மலர், பழைய இதழ் எதையும் எடைக்குப் போடாதீர்கள். நகலெடுத்து ஒரு பிரதியைக் கல்லூரிக்குக் கொடுங்கள், சேர்க்கைப் பதிவேட்டில் எண் ஏறியதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அந்த மாணவியின் ஆய்வேடு முடிந்துவிட்டது. அவர் அதில் ‘தமிழன்’ இதழின் வாசகர் கடிதங்களை ஆராய்ந்திருக்கிறார். ஒரு பிரதியை நூலகத்துக்குக் கொடுக்கப் போனபோது, இதை எங்கே வைப்பது என்று நூலகர் கேட்டாராம். “வரலாற்றில் வையுங்க மேடம், 954.82” என்று சொன்னதாக எனக்குச் சொன்னார். கூடவே அந்த 398ஐயும் மாற்றச் சொல்லி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஜெய்பீம்.